யாரும் அழுத்தாத சிவப்பு பட்டன்

போன வாரம் மின்னலை ஆபீஸ் வாசலில் வாயடைத்து நிற்கும்படி விட்டுவிட்டு வந்துவிட்டோம். பாவம், ஒரு வாரமாக அங்கேயே நிற்கிறாள் என்று யாரும் கவலைப்பட வேண்டாம். வீட்டுக்கு வந்தாள், சமைத்தாள், துணி மடித்தாள், தூங்கினாள். தூங்கினாள் என்பது ஒரு மரியாதைக்காகச் சொல்வது.

அவளுக்கு ஒரு காப்பீட்டு நிறுவனத்தில், பதில் கடிதப் பிரிவில் வேலை. வாடிக்கையாளர்கள் எழுதிக் கேட்பதற்கெல்லாம் இப்போது மெஷின்தான் பதில் எழுதுகிறது. எழுதியதைப் படித்துப் பார்த்து அனுப்புவது அவளுக்கும் அவளுடைய பிரிவில் இருக்கும் மற்றவர்களுக்கும் வேலை. படபடவென்று தட்டுவதைப் பார்த்து ஆபீஸில் 'மின்னல்' என்று பெயர் வைத்தார்கள். வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது.

இந்த மாதிரி வேலைகளுக்கு இனி மனிதர்கள் வேண்டுமா, வேண்டாமா என்று அரசாங்கம் ஒரு புது விதி கொண்டுவருகிறது. மெஷின் தனியாகவே செய்துவிடும் என்று முடிவானால் அந்த வேலை 'மாற்று' என்ற வகைக்குப் போகும். ஆட்களை எடுத்துவிடலாம், அவர்களுக்கு மறுபயிற்சி வகுப்பில் ஓர் இடம் கிடைக்கும், அவ்வளவுதான். மெஷினுக்குப் பக்கத்தில் ஆள் இருந்தே ஆக வேண்டும் என்று முடிவானால் 'துணை' என்ற வகை. ஆட்களை வெளியே அனுப்ப முடியாது. இதைப் பற்றிய கருத்துக் கேட்புக் கூட்டத்தில் நிறுவனத்தின் சார்பில் பேச மின்னலைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அந்தச் செய்தியைக் கேட்டுத்தான் வாயடைத்து நின்றாள்.

கூட்டம் இன்று மாலை.

இதில் இன்னொரு சங்கடம் இருக்கிறது. அந்த விதியை எழுதியது வேறு யாருமில்லை, மின்னலின் கணவனுடைய அக்கா. தொழிலாளர் துறை அதிகாரி. அதே வீட்டின் மாடி அறையில் குடியிருப்பவள். மின்னல் அவளை அண்ணி என்று கூப்பிடுவாள். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

தம்பி மனைவி கூட்டத்தில் பேசப் போகிறாள் என்று தெரிந்த அன்றே அண்ணி தன் இயக்குநரிடம் போய்ச் சொல்லிவிட்டாள். உறவு இருப்பதில் தப்பில்லை, கூட்டம் முடிகிற வரைக்கும் வீட்டில் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் இருந்தால் போதும் என்று அவர் சொல்லியிருக்கிறார். அண்ணியிடம் இப்படி ஒன்றைச் சொல்லலாமா? அன்றிலிருந்து சாப்பாட்டு மேசையில் மின்னல் 'ஆபீஸ்ல' என்று ஆரம்பித்தாலே தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுகிறாள். உப்பு எங்கே என்று கேட்டால்கூட அது கூட்டம் சம்பந்தப்பட்ட உப்பா என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்கிறாள்.

இன்று காலையும் அப்படித்தான். மின்னல் சமையலறைக்குள் நுழைந்ததும் அண்ணி பாதி காபியோடு எழுந்துவிட்டாள். போகிற போக்கில் அவளுடைய தோளைத் தொட்டு, நன்றாகப் பேசு என்கிற மாதிரி தலையை மட்டும் ஆட்டினாள். ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேசியிருந்தால் இந்த அத்தியாயத்துக்கே வேலை இருந்திருக்காது.

மேசையின் மறுபக்கத்தில் மின்னலின் கணவன் பென்சிலைக் கடித்துக்கொண்டு பாடம் படித்துக்கொண்டிருந்தான். சரக்குக் கிடங்கில் சூப்பர்வைசராக இருந்தவன். தானாக ஓடும் தூக்கு வண்டிகள் வந்த பிறகு அவனுக்கு மேய்க்க ஆளில்லை, வேலையும் இல்லை. மறுபயிற்சி வகுப்புக்குப் போகிறான். வேலை போனாலும் பெயர் போகவில்லை, தெருவில் எல்லோரும் இன்னும் சூப்பர்வைசர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும் அவனுக்குச் சுருக்கென்று இருக்கிறது என்பது மின்னலுக்குத் தெரியும்.

"இன்னிக்கு என்ன பேசப் போறே?" என்று கேட்டான்.

மேலாளர் எழுதிக் கொடுத்ததைப் பேசுவேன் என்றாள். தினமும் என்ன வேலை செய்கிறோம், மெஷின் வந்த பிறகு எவ்வளவு சுலபமாகிவிட்டது, அதுதான்.

"எங்க கிடங்குலயும் வந்து கேட்டாங்க. வண்டி எப்படி ஓடுதுன்னு. நல்லா ஓடுது சார்னு சொன்னேன். அது நல்லாத்தான் ஓடுது, நான்தான் நின்னுட்டேன்." சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "பார்த்துப் பேசு. இப்ப வீட்டுல உன் வேலை ஒண்ணுதான் நிக்குது" என்றான்.

போனால் போகிறது, ஒரே வகுப்பில் சேர்ந்து ஒரே பெஞ்சில் உட்காரலாம், காப்பியடிக்க ஆள் கிடைக்கும் என்று அவனே பேச்சை மாற்றப் பார்த்தான். மின்னலுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆபீஸில் அன்று யாரும் அவளுக்கு வேலை கொடுக்கவில்லை. மேலாளர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கூட்டத்தில் திரையில் காட்டப்போகும் படத்தை ஒருமுறை காட்டினார். நல்ல மனிதர்தான். கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிரிவில் ஆட்கள் இல்லையென்றால் மேலாளர் எதற்கு என்ற கேள்வி அவரையும் தூங்கவிடவில்லை போலிருக்கிறது. ஆனாலும் மேலிடம் சொன்னதைச் செய்துதானே ஆக வேண்டும்.

படத்தில் பெரிதாக ஒரு வரி. மெஷின் எழுதும் கடிதங்களில் ஊழியர் திருத்துவது, நூற்றுக்கு ஒன்று.

"நூற்றுக்கு ஒண்ணா?" என்றாள் மின்னல்.

"விதியே அப்படித்தாம்மா. நாங்க பெருமையடிச்சா நம்ப மாட்டாங்க, ஊழியர் சங்கம் அழுதாலும் நம்ப மாட்டாங்க. ஊழியர் எத்தனை தடவை சிவப்பு பட்டன் அழுத்தினாங்கன்னு மட்டும் எண்ணுவாங்க. விதி எழுதின அதிகாரி ரொம்ப நியாயமானவங்க" என்றார் மேலாளர்.

மின்னலுக்குக் காது அடைத்துக்கொண்டது.

அந்தச் சிவப்பு பட்டனைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். மெஷின் எழுதிய கடிதம் திரையில் வரும். கீழே இரண்டு பட்டன். பச்சை என்றால் அனுப்பு, சிவப்பு என்றால் பிழை. சிவப்பை அழுத்தினால் ஒரு சின்னக் கட்டம் திறக்கும். என்ன பிழை, எந்த வகைப் பிழை, ஏன் பிழை என்று வரிசையாகக் கேட்கும். எல்லாவற்றுக்கும் பதில் எழுதி முடிப்பதற்குள் நாலு கடிதம் அனுப்பிவிடலாம். போதாததற்கு அந்தக் கடிதம் மறுபடியும் வரிசையின் கடைசிக்குப் போய்விடும். அழுத்தியவரின் வேகமும் இறங்கிவிடும்.

அதனால் யாரும் அழுத்துவதில்லை. அந்த நூற்றுக்கு ஒன்று, கை தவறிப் பட்டது. தப்பாக இருந்தால் அதன் மேலேயே சரியாகத் தட்டிவிட்டுப் பச்சையை அழுத்திவிடுவார்கள். கணவனை இழந்த ஒரு பெண்மணிக்கு, அவர் சீக்கிரம் குணமடைய வாழ்த்துகள் என்று மெஷின் எழுதியிருக்கும். அதை அழித்துவிட்டு, உங்கள் துயரத்தில் பங்கு கொள்கிறோம் என்று மின்னல் எழுதுவாள். பச்சை. அடுத்தது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லித்தரும் பாடம், சிவப்பைத் தொடாதே என்பதுதான். யாரும் உத்தரவு போடவில்லை. யாரையும் ஏமாற்ற வேண்டும் என்ற எண்ணமும் இல்லை. வேலை ஒழுங்காக நடக்க வேண்டும், அவ்வளவே.

மெஷின் அத்தனை திருத்தத்தையும் வாங்கிக்கொண்டு, தான் செய்தது நூற்றுக்கு ஒரே ஒரு தப்புதான் என்று எண்ணி வைத்திருக்கிறது.

மின்னல் தன் இடத்துக்கு வந்தாள். பக்கத்து மேசைக்காரன் 'கண்ணாடி'. தடித்த மூக்குக் கண்ணாடி போடுவதால் அந்தப் பெயர். சிவப்பைத் தொடாதே என்ற பாடத்தை மின்னலுக்குச் சொல்லித்தந்தவனே அவன்தான். அவனிடம் மெதுவாக விஷயத்தைச் சொன்னாள்.

"நம்ம கையாலேயே நம்ம குழியை வெட்டிக்கிட்டோமா?" என்றான்.

கூட்டத்தில் உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்று கேட்டாள். கண்ணாடி அக்கம் பக்கம் பார்த்தான். சொன்னால் பொய்க் கணக்குக் கொடுத்தோம் என்று எல்லோரையும் ஒரே நாளில் வெளியே தள்ளிவிடுவார்கள், மறுபயிற்சி வகுப்பு கூடக் கிடைக்காது, என் மனைவிக்கு இது நிறைமாதம், தயவுசெய்து வாயைத் திறக்காதே என்றான். சொல்லாமல் இருந்தாலும் வேலை போகத்தானே போகிறது என்று அவள் கேட்டதற்கு, "போகட்டும். கெட்ட பேரோட போக வேணாம்" என்றான்.

மாடிப்படிக்குப் பக்கத்தில் போய் நின்று அண்ணியைப் போனில் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அண்ணி எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள். இரண்டாவது தடவை அண்ணி இணைப்பைத் துண்டித்தாள். உடனே ஒரு குறுஞ்செய்தி வந்தது: "கூட்டம் முடியட்டும்."

ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள். ஒருத்தி அந்த பட்டனை நம்பி விதி எழுதினாள். இன்னொருத்தி அந்த பட்டனைத் தொடாமல் வேலை பார்த்தாள். இரண்டு பேரும் நேர்மையாகத்தான் இருந்தார்கள். இதை நினைக்க நினைக்க மின்னலுக்கு அழுகையாக வந்தது. போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

கூட்டம் நடந்த மண்டபத்தில் நாற்காலிகள் நிரம்பி வழிந்தன. மின்னலுக்குத் துணையாக என்று மேலாளர் பிரிவிலிருந்து பாதிப் பேரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். கண்ணாடி கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தான். மேடையில் நடுவில் தலைவர், இருமல் மிட்டாயை வாயில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் அண்ணி. வீட்டு முகத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு, ஆபீஸ் முகத்தோடு வந்திருந்தாள்.

மின்னல் எழுந்தாள். பின்னால் திரையில் அந்த வரி ஒளிர்ந்தது. மேலாளர் எழுதிக் கொடுத்ததில் முதல் இரண்டு வாக்கியம் சரியாகச் சொன்னாள். மூன்றாவது, திருத்தம் மிகக் குறைவு என்று வர வேண்டும். அங்கே நிறுத்திவிட்டாள்.

கணவனின் முகம் நினைவுக்கு வந்தது. கண்ணாடி மனைவியின் நிறைமாதம் நினைவுக்கு வந்தது. இரண்டுமே அவளை உட்காரச் சொல்லின. ஆனால் உட்கார்ந்தால் அந்தக் கணக்கு உண்மையாகிவிடும். அவளுடைய பிரிவோடு நிற்காது, இதேபோல் சத்தமில்லாமல் திருத்திக்கொண்டிருக்கும் எல்லோரையும் அடித்துக்கொண்டு போய்விடும். அந்தப் பயம் மற்ற பயங்களைவிடப் பெரிதாக இருந்தது.

"இந்தக் கணக்கு தப்புங்க" என்றாள். "நிறுவனம் பொய் சொல்லலை. நாங்கதான் அந்த சிவப்பு பட்டனை அழுத்துறதே இல்லை. அழுத்தாமலே திருத்திடுவோம்."

மண்டபத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. தலைவர் மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டார். மின்னல் விளக்கமாகச் சொன்னாள். மெஷின் ஒன்றுக்கும் உதவாது என்று அவள் சொல்லவில்லை. பத்தில் ஏழு கடிதம் நன்றாகவே எழுதும், சிலதைத் தன்னைவிட நன்றாக எழுதும், மீதி மூன்றைத்தான் யாராவது பார்த்தாக வேண்டும் என்றாள்.

அண்ணி எழுதுவதை நிறுத்திவிட்டாள். அவளுடைய காதுமடல் சிவந்திருந்ததை மின்னல் மட்டும் கவனித்தாள். அது அண்ணிக்கு அவமானம் வந்தால் வரும் சிவப்பு.

மேலாளர் எழுந்துவிட்டார். இது ஒரு தனி ஊழியர் விதியை மீறிச் செய்த காரியம், மற்றவர்கள் எல்லோரும் முறைப்படிதான் வேலை செய்கிறார்கள், ஆகவே கணக்கு சரியானதே என்றார். தலைவர் அண்ணியின் பக்கம் திரும்பினார். கேட்க வேண்டிய கேள்வியை அவள்தான் கேட்க வேண்டும்.

"உங்க பிரிவுல வேற யாராவது இப்படிச் செய்யறாங்களா?" என்று அண்ணி கேட்டாள். வீட்டில் ஒருநாளும் 'நீ' தவிர வேறு சொன்னதில்லை. "செய்யறாங்கன்னா பெயர் சொல்லணும். இல்லேன்னா நீங்க ஒருத்தர் மட்டும்னுதான் பதிவு ஆகும்."

மின்னல் திரும்பிப் பார்த்தாள். கடைசி வரிசையில் கண்ணாடி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துக்கொண்டு துடைத்துக்கொண்டே இருந்தான். நிமிரவில்லை. அவனுக்குப் பக்கத்தில் இருந்தவர்களும் நிமிரவில்லை. அவர்கள் மேல் அவளுக்குக் கோபம் வந்தது. உடனேயே, தானும் அங்கே உட்கார்ந்திருந்தால் இப்படித்தானே குனிந்திருப்போம் என்றும் பட்டது.

"பெயர் சொல்ல மாட்டேங்க" என்றாள். "ஒரே ஒரு நாள், நாங்க யாரும் கை வைக்காம மெஷின் எழுதினதை அப்படியே விட்டுப் பார்க்கலாம். என்ன எழுதுதுன்னு நீங்களே பாருங்க."

தலைவருக்கு அது பிடித்துவிட்டது. கடிதங்களை அனுப்பாமல் எடுத்து வைத்து, இங்கே படித்துப் பார்த்தால் போதாதா என்று கேட்டார். மின்னலும் அதைத்தான் நினைத்திருந்தாள். ஆனால் மேலாளர் விடவில்லை. படித்துப் பார்த்து எது பிழை என்று யார் சொல்வது, இவர்களே எல்லாம் பிழை என்பார்கள், கடிதம் போகட்டும், வாங்குகிறவர் புகார் செய்தால் பிழை, செய்யாவிட்டால் பிழையில்லை, அதுதானே நியாயம் என்றார். தலைவர் யோசித்தார். வாடிக்கையாளரைவிடப் பெரிய நீதிபதி யார் என்று சொல்லி ஒப்புக்கொண்டார். நாளைக் காலையிலிருந்து மாலை வரை சோதனை. முடிவு வரும் வரை விதி நிறுத்தி வைக்கப்படும். ஊழியர்கள் எல்லோரும் தங்கள் இடத்தில் இருக்க வேண்டும், ஒரு எழுத்தையும் தொடக்கூடாது, ஒருவர் தொட்டாலும் சோதனை செல்லாது, நிறுவனத்தின் கணக்கே இறுதி.

உத்தரவை எழுதிக் கையெழுத்துப் போடும் பொறுப்பு அண்ணிக்கு வந்தது.

மண்டபத்துக்கு வெளியே நீண்ட நடைவழி. மின்னல் ஜன்னல் ஓரமாக நின்றுகொண்டிருந்தாள். பிரிவிலிருந்து வந்தவர்கள் அவளைத் தாண்டிப் போனார்கள். யாரும் நிற்கவில்லை. கண்ணாடி மட்டும் ஒரு கணம் தயங்கிவிட்டுப் போனான். கொஞ்ச நேரத்தில் அண்ணி கையில் ஒரு தாளோடு வெளியே வந்தாள். இதுவரை காத்த பேசாக் கட்டுப்பாட்டையெல்லாம் விட்டுவிட்டு நேராக அவளிடம் வந்தாள்.

"எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"இன்னிக்கு மதியம்தான் எனக்கே தெரியும் அண்ணி. ரெண்டு தடவை கூப்பிட்டேன்."

அண்ணி ஜன்னல் திண்டில் தாளை வைத்தாள். ஊழியரின் விரலைத்தானே நம்பினேன், வேறு எதையும் நம்பாமல் இருந்தால் யாருக்கும் அநியாயம் நடக்காது என்று நினைத்தேனே என்று மெல்லிய குரலில் சொன்னாள். அவள் அப்படி உடைந்து பேசி மின்னல் கேட்டதே இல்லை. ஆறுதல் சொல்லத் தோன்றியது. மேலாளர் சொன்ன மாதிரி நீங்கள் நியாயமானவர்தான் என்று மட்டும் சொன்னாள். சொன்ன பிறகு, சொல்லாமலே இருந்திருக்கலாம் என்று பட்டது.

பேனாவைத் திறந்துகொண்டு அண்ணி கேட்டாள்:

"நாளைக்குக் காலைல எந்தக் கடிதம் முதல்ல போகும்?"

"இறப்புக் கோரிக்கை" என்றாள் மின்னல். "அதை எப்பவும் காத்திருக்க வைக்க மாட்டோம். காலைல வந்ததும் அதுதான்."

"யாருக்குப் போகும்?"

"புருஷன் போனவங்க, பொண்டாட்டி போனவங்க. சில நாள் குழந்தை போனவங்க."

"அதுல மெஷின் எப்படி எழுதும்?"

"அதுலதான் அண்ணி ரொம்பத் தப்பா எழுதும்."

இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. நாளை அந்தக் கடிதங்கள் அப்படியே போக வேண்டும். படித்துவிட்டு யாரோ ஒரு வீட்டில் நெஞ்சு வெடித்து அழ வேண்டும். அழுதுவிட்டு, நிறுவனத்தைக் கூப்பிட்டுத் திட்ட வேண்டும். அப்போதுதான் மின்னலின் வேலை நிலைக்கும். திட்டக்கூடத் தெம்பில்லாமல் கடிதத்தை மூலையில் போட்டுவிட்டுப் படுத்துவிட்டார்கள் என்றால், மெஷின் எழுதியதில் பிழையே இல்லை என்று ஆகிவிடும்.

"உள்ளே போய் வேண்டாம்னு சொல்லிடவா?" என்றாள் அண்ணி. "சொன்னா நிறுவனத்தோட கணக்கு நிக்கும். உன் பிரிவு மட்டும் இல்ல, எல்லா ஊர்லயும் போயிடும். நீ சொல்லு. நான் செய்யறேன்."

ஒரு வாரமாக ஒரு வார்த்தையும் பேசாதவள் இப்போது மொத்தத்தையும் தூக்கி இவள் தலையில் வைத்துவிட்டாள். வீட்டில் பென்சிலைக் கடித்துக்கொண்டு ஒருவன் காத்திருக்கிறான். எங்கோ ஒரு வீட்டில், முகம் தெரியாத ஒருத்தி நாளைக்கு வரும் கடிதத்துக்காகக் காத்திருக்கிறாள். இவனுக்காக அவளை அழவைக்கலாமா என்று கேட்டால் பதில் தெரிந்துதான் இருக்கிறது. ஆனால் நாளை மறுநாளிலிருந்து பார்க்க ஆளே இல்லாமல் போனால், அவளைப் போல் எத்தனை பேர் தினமும் அழ வேண்டியிருக்கும்?

"போடுங்க அண்ணி" என்றாள்.

அண்ணி கையெழுத்துப் போட்டாள். தாளை எடுத்துக்கொண்டு மண்டபக் கதவை நோக்கி நடந்தாள். பாதி தூரம் போனவளை மின்னலின் குரல் நிறுத்தியது.

"நாளைக்கு நானும் அங்கதான் உட்காரணும். அந்தக் கடிதம் என் கண்ணு முன்னாடி போகும்போது, நான் கையைக் கட்டிக்கிட்டு இருப்பேன்னு மட்டும் நம்பிடாதீங்க."